கிளைவிட்ட வாழைக்குப் பாராட்டு விழா

எங்கள் கல்லூரிக் கணினித் துறையில் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் யாரும் உட்காரக் கூடாது. நின்றபடியே 'இன்றைய ஏ.ஐ.' கேட்க வேண்டும். துறைத்தலைவர் பீமராவ் செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, நேற்று ஒரு நாளில் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று ஐந்தாறு வரி வாசிப்பார். நாங்கள் தலையாட்டுவோம். அப்புறம் வகுப்புக்குப் போய், என்றைக்கோ எழுதிய பாடத்திட்டத்தை நடத்திவிட்டு வருவோம்.

ஏதோ ஒரு கருத்தரங்கில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், இந்தத் துறையில் ஆய்வுகள் வருகிற வேகத்துக்கு மின்னஞ்சல் செய்திமடல்களைப் படிக்காதவன் தேற மாட்டான் என்று. மனிதர் ஊர் திரும்புவதற்குள் கண்ணில் பட்ட மடலுக்கெல்லாம் பதிவு செய்துவிட்டார். ஆனால் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. எல்லா மடலையும் ஒரு செயலியிடம் தள்ளிவிடுவார். அது பிழிந்து சக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலையில் அவருக்கு ஒரு டம்ளர் சாறு கொடுக்கும். அதைத்தான் எங்களுக்கு வாசிப்பார். உலகத்தோடு ஒட்டி நடக்கிற துறை எங்களுடையதுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

நான் படிப்பவள். பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஸ்டாப்பில் கல்லூரிப் பஸ் ஏறினால் சமயபுரம் தாண்டிக் கல்லூரி வரும்வரை அதுதான் வேலை. பெரும்பாலான மடல்கள் படிக்கத் தகுந்தவையே அல்ல. தினமும் காலையில் எல்லாமே மாறிவிட்டது என்று ஆரம்பிக்கும். நீ பின்தங்கிவிட்டாய் என்று பயமுறுத்தும். அடியில் ஒரு விளம்பரம் இருக்கும். பாதி மடல்கள் இயந்திரமே எழுதியவை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அவற்றைப் பார்த்தால் நேற்று வைத்த குழம்பைத் திறந்த மாதிரி ஒரு வாடை எனக்கு வரும்.

ஒரே ஒரு மடலுக்காகத்தான் இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் பெண்மணி எழுதுவது. பெயரைத் தமிழில் சொன்னால் 'சல்லடை'. திங்கட்கிழமைதோறும் வரும். அந்த அம்மாள் கட்டுரைகளைக் கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படிப்பவர். நல்லதை நல்லது என்பார். மடலின் கடைசிப் பகுதிக்குப் பெயர் 'கப்பி'. சலித்த பிறகு சல்லடையில் நிற்குமே, அது. அந்த வாரத்தின் ஆக மோசமான கட்டுரையை எடுத்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல், பாராட்டுகிற தொனியில் கிழித்திருப்பார். நானும் அறிவுமதியும் அதற்காகவே திங்கட்கிழமையை எதிர்பார்ப்போம்.

அறிவுமதி எங்கள் துறையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத சின்னப் பெண். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை. கல்லூரிக்குள் என்னை மேடம் என்பாள், பஸ்ஸில் அக்கா என்பாள். ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஏப்ரலில் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று நிர்வாகம் அவளிடம் சொல்லியிருந்தது. அவள் எழுதி அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கவலையிலும் கப்பி படித்தால் வாய்விட்டுச் சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்தத் திங்கட்கிழமை நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. கப்பியைத் திறந்தேன். பெரிதாக ஒரு படம். ஒரு வாழை மரம். ஆள் உயரத்துக்கு மேல் மூன்று கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தார். அடியில் ஆலமரத்து வேர். சுற்றிலும் அம்புக்குறி போட்டு, எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளில் பாகங்களுக்குப் பெயர் குறித்திருந்தார்கள்.

"மாமரத்துக்கும் வாழைக்கும் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்களாக்கா?" என்றாள் அறிவுமதி.

நானும் சிரித்தேன். மருங்காபுரிக்காரி நான். வாழை இல்லாத நிலக்கடலைக் காட்டிலும் சோளக் கொல்லையிலும் வளர்ந்தவள். எனக்கே தெரியும் வாழைக்குக் கிளை கிடையாது என்று.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். 'தாவரவியல் இதுவரை கண்டிராத வாழை. இந்தியாவின் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்திருக்கும் இக்கட்டுரைக்கு இந்த வாரம் நம் தனி இடம். மூன்றாம் பக்கத்தில், "ஒரு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி என்ற முறையில் என்னால் வயலுக்கு நேரில் செல்ல இயலாது" என்று கட்டுரையே மனம் திறந்து சொல்கிறது. ஆய்வுலகில் இவ்வளவு நேர்மை அபூர்வம்.' அதற்கும் கீழே, எழுதியவர்கள் பெயர். முதல் பெயர் ராசாத்தி. இரண்டாவது பெயர் பீமராவ்.

ராசாத்தி நான்தான்.

"நீங்க எழுதினதாக்கா?" என்று கேட்டாள் அறிவுமதி. குரல் இறங்கியிருந்தது.

"பாத்தா அப்படியா தெரியுது?"

"இல்ல... பேரு இருக்கே."

பேர் இருந்தது. அதுதான் விஷயம். பீமராவிடம் நான் பகுதிநேர ஆய்வு மாணவி. அவர்தான் என் நெறியாளர். செல்போனில் எடுத்த படத்தை வைத்து வாழையின் இலைப்புள்ளி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பது என் ஆய்வு. அதற்காக எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் என் கணவர் செந்தமிழனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தொட்டியத்துக்குப் போயிருக்கிறேன். பூவன் தோட்டத்துக்குள் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பிடித்து எடுத்த படங்கள். இலைச்சாறு பட்டுக் கறையாகிப் போன புடவைகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆய்வேடு முடிந்து, பீமராவின் கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. கையெழுத்தானால் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அங்கே தேர்வாளர் யாராக இருந்தாலும் முதல் வேலையாக என் பெயரைத் தேடிப் பார்ப்பார். தேடினால் இனிமேல் இந்த மரம்தான் வரும். வாழையைப் பற்றி ஆய்வு செய்து, வாழைக்குக் கிளை வைத்தவள் என்று ஆகிவிடும்.

கல்லூரியில் இறங்கித் துறைக்குள் நுழைந்தால் ஜாங்கிரி வாசனை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பீமராவ் வாசித்தார். "இன்றைய ஏ.ஐ. உலகளாவிய 'சல்லடை' செய்திமடலில் நமது திருச்சிராப்பள்ளிக் கட்டுரைக்குத் தனி இடம் வழங்கப்பட்டுள்ளது. தாவரவியல் இதுவரை கண்டிராத புதுமை எனவும், அபூர்வமான நேர்மை எனவும் பாராட்டப்பட்டுள்ளது."

அவருடைய செயலி கேலியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பிழிந்து கொடுத்திருந்தது. சக்கையில் போனது உண்மை. எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் ஒரு ஜாங்கிரியை வைத்தார்கள். பாகு விரல் இடுக்கில் வழிந்தது.

அவர் அறைக்குள் போனதும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், அது பாராட்டு இல்ல. கேலி."

"யாரும்மா சொன்னா?"

"நான் முழுசாப் படிச்சேன் சார்." மடலைத் திறந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அந்தப் பகுதியின் பெயர் என்ன, எதற்காக அதில் போடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவர் முகம் வெளிறும் என்று எதிர்பார்த்தேன். வெளிறவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

"படம் கொஞ்சம் தப்பா வந்துடுத்து. ஒத்துக்கறேன்."

"வாழையில கிளை இருக்கு சார்."

"கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல எவன் வாழையப் பாக்கப் போறான்?"

"என் பேரு ஏன் சார் அதுல வந்துச்சு? நான் எழுதலயே."

"நீ எழுதறதுன்னா இன்னும் நாலு வருஷம் ஆகும். ஒவ்வொரு இலையையும் தடவிண்டு உக்காந்திருப்ப." ஒரு ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன். உன்னை முதல்ல போட்டுட்டு நான் ரெண்டாவதா நிக்கறேன் பாரு. எந்த கைடும்மா இப்படிச் செய்வான்?"

எந்த நெறியாளரும் செய்யாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் பெயர்க்காரர்தான் எழுதியவர். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், மாணவி செய்த தவறு, மேற்பார்வையில் கொஞ்சம் கவனக்குறைவு என்று அவர் நழுவிக்கொள்ளலாம். அவர் வாய் மென்றுகொண்டிருந்தது. எனக்கு அந்த வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"என் பேரை எடுக்கச் சொல்லி, கட்டுரையைப் போட்ட இதழுக்கு எழுதுங்க சார்."

"எழுதலாம். வெள்ளிக்கிழமை ஃபங்ஷன் முடியட்டும். தாளாளர்கிட்ட சொல்லியாச்சு. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். ஃப்ளெக்ஸுக்கும் சொல்லியாச்சு."

"நான் வரல சார்."

"உன் தீசிஸ் இங்கதான் இருக்கு ராசாத்தி." மேஜையின் ஓரத்தில் இருந்த கட்டைக் கண்ணால் காட்டினார். கோபமே இல்லாமல், வீட்டுப் பெரியவர் மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு விரலில் இருந்த பாகைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே நான் அந்த இதழுக்கு நேராக எழுதினேன். உடனே பதில் வந்தது, இயந்திரப் பதில். பெயர் நீக்கம் குறித்துக் கட்டுரையை அனுப்பிய பொறுப்பு ஆசிரியர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். பொறுப்பு ஆசிரியர் பீமராவ்.

புதன்கிழமை காலையில் வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது. தாளாளர் பெரிதாக, முதல்வர் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, பீமராவ் அதற்கடுத்து, நான் ஓரத்தில் ஆதார் அட்டைப் படத்தின் அளவுக்கு. நடுவில் அந்த மரம். பளபளவென்று, மூன்று கிளைகளோடு, பஸ்ஸைவிட உயரமாக. 'உலகம் வியந்த வாழை' என்று எழுதியிருந்தார்கள். படம் அழகாக இருக்கிறது என்று வடிவமைத்தவன் கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டான்.

அதைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே போனார்கள். இந்த ஜில்லாவில் வாழையைப் பார்க்காத மனுஷன் ஒருத்தன் உண்டா? எங்கள் கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு வெளியே வாழைக்கொல்லைதான். ஃப்ளெக்ஸின் மேல்விளிம்புக்கு மேலே நிஜ வாழை இலை ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் மரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இயற்பியல் துறை ஸ்டீபன்ராஜுக்குத் தொட்டியத்தில் சொந்தமாக வாழைத் தோட்டமே இருக்கிறது. அவர் நின்று மரத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாழ்த்துகள் மேடம்" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் செந்தமிழனிடம் சொன்னேன். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சுருக்கமாகப் பேசுகிறவர்.

"கையெழுத்து வாங்குற வரைக்கும் வாய மூடிட்டு இரு. வாங்கினதுக்கு அப்புறம் கிழிச்சுத் தொங்க விடு."

"அதுக்குள்ள அந்த மேடையில நான் சால்வை வாங்கிக்கணுமா?"

"வாங்கிக்க. சால்வைதான."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி அவரோடு பேசவில்லை. அவர் சொன்னதையேதான் இரண்டு நாளாக நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம். இன்னொருவர் வாயால் கேட்டபோது அது என்ன அழுக்கு என்று தெரிந்தது.

அறிவுமதி மட்டும் வேறு மாதிரி பேசினாள். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் அவளுக்கு இதே பேச்சு. "சொல்லிடுங்கக்கா. மேடையிலயே சொல்லிடுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா அவர் உங்க பேரை வச்சிருக்க முடியாதுல்ல. நான் இருக்கேன்." கடைசியில் சரி என்றேன். மேடையில் வாசிக்க, மடலில் இருந்த வரிகளை நல்ல தமிழில் மாற்ற அவள்தான் உதவினாள். 'மனம் திறந்து' என்ற சொல் அவள் போட்டது. எழுதி முடித்த தாளை வியாழக்கிழமை திரும்பும்போது கொள்ளிடப் பாலத்தின் மேல் எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினாள். இந்தக் கல்லூரியில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. வகுப்புகளைக் கலைத்து மாணவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தாளாளர் பேசும்போது, தானும் தினமும் காலையில் காபியோடு ஏ.ஐ. மடல்கள் படிப்பதாகச் சொன்னார். பீமராவ் எழுந்து, காவிரிக்கரை வாழை இன்று கடல் கடந்துவிட்டது என்றார். முன்வரிசையில் இரண்டு ஓரத்திலும் கைதட்டலைத் தொடங்கி வைக்க மாணவர்களை உட்கார வைத்திருந்தார்கள். பேசுகிறவர் எங்கே மூச்சு வாங்கினாலும் அவர்கள் தொடங்குவார்கள், அரங்கம் பின்னாலேயே தட்டும். அப்புறம் 'ஏற்புரை' என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

தாளைப் பிரித்தேன். பீமராவின் மேஜையில் இருந்த என் ஆய்வேட்டை ஒரு நிமிடம் நினைத்தேன். இதைப் படித்தால் அது போய்விடும் என்று தெரிந்துதான் படித்தேன்.

"நம்மைப் பாராட்டியதாகச் சொல்லப்படும் மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே வாசிக்கிறேன். இது அந்த வாரத்தின் மிக மோசமான கட்டுரைக்கென்று ஒதுக்கிய பகுதியில் வந்தது."

கை தட்டினார்கள்.

காத்திருந்து தொடர்ந்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மொழி மாதிரியால் வயலுக்குப் போக முடியாது என்ற வரி வந்தபோது மாணவர்களில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கைதட்டல் மூடியது. வாழைக்குக் கிளை கிடையாது என்றேன். தட்டினார்கள். இந்தப் படம் எந்தத் தோட்டத்திலும் எடுக்கப்பட்டதல்ல என்றேன். தட்டினார்கள். எனக்கு ஆத்திரத்தில் குரல் ஏறியது.

"இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. எழுதப்பட்டதே எனக்குத் தெரியாது. இதில் என் பெயர் இருப்பது எனக்கு அவமானம்."

குரல் ஏறியதால் கைதட்டலும் ஏறியது. அன்றைக்கு எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பெரிய கைதட்டல். தாளாளரும் தட்டினார். எழுந்து வந்து சிரித்த முகத்தோடு எனக்குச் சால்வை போர்த்தினார். புகைப்படக்காரர் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். பீமராவ் மைக்கை வாங்கி, "ராசாத்தி மேடத்தோட தன்னடக்கத்தை நாம எல்லாரும் கத்துக்கணும்" என்றார்.

மேடைப் படியில் இறங்கும்போது என் காதுக்குக் கிட்டே வந்தார். "திங்கக்கிழமை உன் பேரை எடுத்துடறேன். கேட்டது கெடைச்சுடுத்தோல்லியோ? தீசிஸை வந்து எடுத்துண்டு போயிடு. வேற கைடு பாத்துக்கோ." சொல்லிவிட்டு எதிரே வந்த முதல்வரைப் பார்த்துச் சிரித்தார்.

வேறு நெறியாளர் என்றால் மறுபடியும் முதலிலிருந்து. பதிவு, குழு, கூட்டம், எல்லாம். அரங்கத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றேன். சால்வையைக் கழற்றிச் சுவர்மேல் போட்டேன். வருத்தம்தான். ஆனால் மூச்சு விட முடிந்தது. இனிமேல் என் பெயரைத் தேடினால் அந்த மரம் வராது. ஒருத்தர் காதிலும் விழவில்லை என்பது ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது. கேட்காத கூட்டத்தை மன்னித்துவிடலாம். பிள்ளைகளுக்குப் பசி, ஆசிரியர்களுக்குத் தூக்கம், யாருக்குக் காது இருந்தது என்று விட்டுவிடலாம்.

அறிவுமதி வந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பேசினீங்கக்கா."

"பேசி என்ன பண்றது? ஒருத்தருக்கும் கேக்கல."

"யாருக்குக்கா கேக்கல? எல்லாருக்கும் கேட்டுச்சு." சாதாரணமாகச் சொன்னாள். "விழா முடிஞ்சதும் நான் தாளாளர் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன். 'மரத்துல கிளை இருக்கேன்னு நானும் அன்னிக்கே பாத்தேன், படம் எடுப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்'னு அவர் பீமராவ் சார்கிட்ட சொல்லிட்டு இருந்தார். ஸ்டீபன்ராஜ் சார் புதன்கிழமையே ஸ்டாஃப் ரூம்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

"அப்பறம் ஏன் கை தட்டினீங்க?"

"எல்லாரும் தட்டறப்ப சும்மா உக்காந்திருந்தா நல்லா இருக்காதுல்லக்கா."

"நீயும் தட்டினியா?"

"நானுந்தான்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் கையை விடவில்லை. ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. தைரியம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சார்கிட்ட இப்பதான் பேசிட்டு வரேன்க்கா. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"என்ன பேசின?"

"உங்க பேரை எடுத்துட்டா முதல் பேரு எடம் காலியாத்தான இருக்கும். என்னைப் போட்டுக்க முடியுமான்னு கேட்டேன். சரின்னுட்டார். ஏப்ரலுக்குள்ள எனக்கு ஒரு பேப்பர் வேணும்ல, உங்களுக்கே தெரியும்."

"அந்த மரத்துக்கு மேலயா உன் பேரைப் போட்டுக்கப் போற?" என்று கேட்டேன்.

"மரத்தைத் தூக்கிடப் போறார்க்கா. திருத்தம்னு ஒண்ணு அனுப்பி, நிஜப் படமா வைக்கணும்னு சொல்றார்." அவள் இன்னும் நெருங்கி நின்றாள். "நீங்க தொட்டியத்துல எடுத்தது இருக்குல்ல. அதுல கொஞ்சம் மட்டும் குடுத்தாப் போதும். இனிமே உங்களுக்கு உடனே தேவைப்படாதுல்லக்கா. கடைசியில நன்றி சொல்ற எடத்துல உங்க பேரைப் போடச் சொல்லி நானே சார்கிட்ட கேக்கறேன்."

மேடையிலேயே சொல்லிவிடுங்கள் என்று வாரம் முழுக்க என் காதில் ஓதியவள் இவள். இந்த இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஓதினாளா, இல்லை நான் பேசி முடித்த பிறகு இந்த யோசனை வந்ததா என்று அவள் முகத்தில் தேடினேன். கள்ளத்தனம் எதுவும் தென்படவில்லை. கூச்சமும் இல்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுப்பாளே, அதே முகம். என்மேல் நிஜமான பிரியத்தோடு, நான் சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பீமராவின் வாயைப் பார்த்து வந்த அருவருப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவள் கையை உதறிவிட்டுத் தொட்டியின் மேல் குனிந்தேன். எல்லாம் வெளியே வந்தது.

"ஐயோ, என்னக்கா, காலைல சாப்பிடலயா?" என்று கேட்டுக்கொண்டே அறிவுமதி குழாயைத் திறந்துவிட்டு, என் முதுகை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.